விருந்தினர் மனம் கோணாமல்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அழைத்தவர் சந்திரிகா. கண்டியில் ஆசிரியை. சிறுநீரக நோயாளர்களுக்கு உதவும் ஒரு சிறிய சங்கத்தின் செயலாளரும் அவர்தான். நிதி சேர்க்க ஒரு மதிய விருந்து வைக்கிறார்களாம்.

“சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல பத்து நிமிஷம் இருக்கு, அண்ணே. ஒரு கதை வாசிங்க. நம்ம ஊரு பழைய கதையா இருந்தா நல்லம். ஆனா அழ வச்சிராதீங்க. வர்றவங்க சந்தோஷமா இருந்தாத்தான் குடுப்பாங்க.”

அவர் சொன்னதில் தப்பொன்றுமில்லை. இன்றுவரை எனக்கு அவர்மேல் கோபமும் இல்லை. இலங்கை மலைகளில் தேயிலைக்கு முன் கோப்பி விளைந்த காலத்தில், கண்டிக்குப் பக்கத்தில் நடந்த ஒரு தரும விழாவைப் பற்றிக் கலகலப்பாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி:

“1872ஆம் ஆண்டு மே மாதத்தின் இனிய பிற்பகலொன்றில், கெலிஓயாவை அடுத்த பங்களாவின் புல்வெளியில் வண்ணக் குடைகள் விரிந்திருந்தன. அவற்றின் கீழே...”

கீழே யார்? வெள்ளைக்காரத் துரைமார்கள், துரைசாணிமார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்தக் குடைகளை நட்டவன் யார் என்று யோசித்தேன். கதிரைகளை வரிசைப்படுத்தியவன், மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவன். அப்போதுதான் மத்தியாஸ் வந்தான்.

(விழா, இனி வரும் கொட்டகை, மத்தியாஸ் எல்லாம் என் கற்பனை. எந்த ஏட்டிலும் தேட வேண்டாம். இந்தியாவிலிருந்து தோட்டக் கூலி வேலைக்கு வந்திறங்கி, மன்னாரிலிருந்து காடு கடந்து நடந்து வந்து, சாலையோரத்தில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்து செத்தவர்கள் மட்டும் கற்பனை அல்ல.)

2

மத்தியாஸை மூன்று தரம் எழுதினேன்.

முதல் தரம்: “மத்தியாஸ் ஒரு கல்நெஞ்சன்.” அடித்துவிட்டேன். அப்படிப்பட்டவனின் கதை எனக்கும் உங்களுக்கும் சுலபமாகிவிடும்.

இரண்டாம் தரம்: “மத்தியாஸைப் போல் ஒரு புண்ணியவானை...” இதையும் முடிக்கவில்லை.

மிஞ்சியது இவ்வளவுதான். முப்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன். பாதிரிமாரிடம் படித்த இங்கிலீஷைக் கொண்டு கண்டியில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கிளாக்கராக இருந்தான். தோட்டத் துரைசாணிமார் நடத்திய தரும சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் அவன்தான். அதற்குச் சம்பளம் கிடையாது. ஞாயிறு பூசை முடிந்ததும் கெலிஓயாவுக்கு வண்டியேறி, கம்பளை ரோட்டோரத்தில் சங்கம் போட்டிருந்த நோயாளர் கொட்டகைக்குப் போவான். வீட்டிலிருந்து ஒரு சிறங்கை சீனியாவது கொண்டுபோவான். யாரும் கேட்டு அவன் அதைச் செய்யவில்லை.

கொட்டகை இலுக்குப் புல் வேய்ந்தது. மழை பெய்தால் வெளியே ஒரு மழை, உள்ளே ஒரு மழை. இருபது பேர் படுக்கலாம்; முப்பது பேர் கிடந்தார்கள். கஞ்சி காய்ச்சி ஊற்றக் கறுப்பையா என்றொருவர் இருந்தார். கோப்பித் தோட்டத்தில் மரம் சாய்ந்து கால் ஊனமானவர். அந்த மாதம் புதிதாக வந்தவர்களில் இரண்டு பெண்கள்: சுப்பம்மா, அவள் தங்கை மூக்காயி. இராமநாதபுரம் சீமையிலிருந்து இருபத்தைந்து பேராகப் புறப்பட்டார்கள். மூக்காயி நடக்க முடியாமல் விழுந்ததும் கங்காணி மற்றவர்களை ஓட்டிக்கொண்டு மேலே போய்விட்டான். சுப்பம்மா போகவில்லை.

கொட்டகைக்குப் பதிலாக, ஓடு போட்ட சுவர் வைத்த ஆஸ்பத்திரி ஒன்று கட்ட வேண்டும். விழா அதற்காகத்தான். மத்தியாஸ் அதை மனமார விரும்பினான். இதை மறந்துவிட்டுத் தயவுசெய்து மேலே வாசிக்காதீர்கள்.

3

போன வருடமும் ஒரு விழா வைத்தார்கள். அது கெட்டுப்போனது. கண்டியிலிருந்து வந்த முதல் வண்டியிலேயே ஒரு துரைசாணி, கொட்டகை வாசலில் பாயில் சுற்றி வைத்திருந்த பிணத்தைப் பார்த்துவிட்டாள். மயக்கம் போட்டு, வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாள். பின்னால் வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், விற்பனைக்கு வைத்த கைவேலைகளில் எதையும் வாங்காமல் போனார்கள்.

“இரக்கத்தில் கொடுப்பார்கள் என்று நினைத்தோம். இரக்கம் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இந்த முறை அவர்கள் மகிழ வேண்டும்” என்று சங்கத் தலைவியான துரைசாணி மத்தியாஸிடம் இங்கிலீஷில் சொன்னாள்.

மகிழ்விப்பதில் மத்தியாஸ் சூரன் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரம் வேறு நினைவே இல்லை. பட்டாளத்து வாத்தியக்காரர்களைப் பேசி அமர்த்தினான். கொழும்பிலிருந்து ரயிலில் ஐஸ் வரவழைக்க, அது உருகாமல் மரத்தூளில் பொதிந்து ஏற்ற, ஆள் பிடித்தான். வெயில் எந்த மணிக்குப் புல்வெளியின் எந்த மூலைக்கு வரும் என்று இரண்டு நாள் நின்று பார்த்து, கிழவர்களுக்கு நிழலிலும் இளசுகளுக்கு ஆற்றுப் பக்கமும் கதிரை போட்டான். காது மந்தமான ஒரு துரைக்கு வாத்தியத்துக்குப் பக்கத்திலேயே இடம் வைத்தான்.

(இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கு உற்சாகமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை.)

எல்லாம் பொருந்தியது. ஆனால் பங்களாவுக்குப் போகும் ரோட்டில் கொட்டகை இருந்தது. வேறு ரோடு கிடையாது.

அந்த யோசனையைத் துரைசாணியின் வாயில் வைக்கத்தான் நினைத்தேன். நாலு தரம் எழுதிப் பார்த்தேன். அவளுக்கு மலைமேல் வெறுமையாகக் கிடந்த ஸ்டோர் என்ற கோப்பிக் கிடங்கைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்தவன் மத்தியாஸ்தான். ஆகையால், கூட்டக் குறிப்பில் இந்த வரியை எழுதியவன் அவனே:

“விருந்தினர் மனம் கோணாதிருக்கும் பொருட்டு, நோயாளர்களை ஒரு நாளைக்கு மட்டும்...”

மிச்சத்தை நீங்களே முடித்துக்கொள்ளலாம்.

4

விழாவன்று காலை, நோயாளர்களை மலைமேல் ஸ்டோருக்குக் கொண்டுபோக இரண்டு மாட்டு வண்டிகள் வந்தன. மலையடி வரைக்கும் வண்டி, அதற்குமேல் ஓர் ஓடையைக் கடந்து, நடக்கக்கூடியவர்கள் நடந்து, முடியாதவர்கள் முதுகில்.

சுப்பம்மா எழுந்திருக்கவில்லை.

“இன்னைக்குத்தான் சாமி கஞ்சி வயித்துல தங்கியிருக்கு. கண்ணத் தொறந்து என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. இப்ப அசைச்சா செத்துப்போவா.”

“ஒரு நாள்தானே, சுப்பம்மா. நாளைக்குக் காலமை திரும்பி வந்திடலாம்.”

“நாங்க உள்ளுக்கே கெடக்கோம். கதவச் சாத்திக்கிறோம். இரும மாட்டோம்.”

மத்தியாஸ் கிடந்தவர்களை வரிசையாகப் பார்த்தான். முப்பது பேர் எப்படி இருமாமல் இருப்பார்கள்?

“இது உங்கட நன்மைக்குத்தான். வாற துரைமார் சந்தோஷமாப் போனால்தான் உங்களுக்கு ஓட்டு வீடு. விளங்குதா? பின்னேரம் நாலு மணிக்குச் சுடச்சுடக் கஞ்சியும் விறகும் அனுப்புவன். என்ர வாக்கு.”

“நீங்க வருவீங்களா?”

“நான் அங்க நிக்க வேணும்.”

சுப்பம்மா தங்கையை முதுகில் ஏற்றிச் சேலையால் கட்டிக்கொண்டாள். வண்டியில் அவள் ஏறவில்லை. குலுக்கும் என்று நடந்தே போனாள்.

ஸ்டோரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோப்பிக்கொட்டை உலர்வதற்காகக் கட்டியது அது. நாலு பக்கமும் இடைவெளி விட்ட பலகைச் சுவர். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். மத்தியாஸ் அதை வெயில் நாளில் மட்டுமே பார்த்திருந்தான்.

5

இதுவரை எழுதியதைச் சந்திரிகாவுக்கு அனுப்பினேன். மறுநாள் அழைத்தார்.

“அண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஆனா...”

“ஆனா?”

“அந்தப் புள்ள பொழைச்சிருமா?”

“தெரியல.”

பிறகு மெதுவாகச் சொன்னார்: “எங்க நோயாளிங்களும் அந்த மேசையில வந்து ஒக்காருவாங்க. அவங்க முன்னால இத வாசிக்க ஏலாது, அண்ணே.”

அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு மாயவித்தைக்காரரை ஒழுங்கு செய்துவிட்டார்கள். விருந்து நன்றாக நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதோடு சந்திரிகாவுக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு முடிந்தது. நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சுப்பம்மா தங்கையோடு பாதி மலையில் நின்றாள்.

6

விழா மத்தியாஸ் நினைத்ததைவிட அழகாக இருந்தது. ஐஸைப் பார்த்துக் கிழத் துரைகள் கை தட்டினார்கள். தைத்த பொம்மைகளும் மேசை விரிப்புகளும் முதல் ஒரு மணி நேரத்திலேயே விற்றுப்போயின. தோட்டங்களை அழிக்கும் நோய் வந்து, கோப்பி இலையில் மஞ்சள் புள்ளி விழத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனால் அன்றைக்கு ஒருவர்கூட அதைப் பேசவில்லை. சிரிப்புச் சத்தம் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

மூன்றரை மணிக்கு மழை பிடித்தது. தூறல் அல்ல, தென்மேற்குப் பருவம் உடைந்துகொண்டு வந்துவிட்டது.

பங்களா சின்னது. அத்தனை பேருக்கும் இடம் போதாது. துரைசாணி மத்தியாஸைப் பார்த்தாள். அவன் ஒரு நொடியும் தயங்கவில்லை. சுண்ணாம்பு அடித்து, தென்னங்குருத்துத் தோரணம் கட்டி, வெறுமையாகக் கிடந்த கொட்டகையைக் காட்டினான்.

எல்லோரும், துரைசாணிமார் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூச்சலும் சிரிப்புமாக ஓடினார்கள். கூரை ஒழுகியது. உள்ளே நின்றபடியே குடை பிடித்தார்கள். அது அவர்களுக்குப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. வாத்தியக்காரர்கள் வந்ததும் ஆட்டம் தொடங்கியது. மூக்காயி படுத்திருந்த இடத்தில் ஒரு... (வேண்டாம். இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.)

நாலு மணிக்குக் கறுப்பையா நனைந்தபடி வந்தார்.

“கிளாக்கரய்யா, கஞ்சி எறக்கிட்டேன். வண்டி எங்க?”

வண்டி புல்வெளியிலிருந்து கதிரைகளையும் மேளங்களையும் ஏற்றிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் பொறு. இந்தக் கதிரையள் நனையுது. இறக்கினவுடனே எடுத்துக்கொண்டு போ.”

“ஓடையில தண்ணி வரும்ய்யா.”

“ஒரு நடைதான் கறுப்பையா. ஒரு நடை.”

மூன்று நடை ஆயிற்று. அதற்குள் ஓடை கரை புரண்டுவிட்டது. கறுப்பையா பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஓடைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இறங்கிப் பார்த்தார். பானை போயிற்று. அவர் ஒரு மரவேரைப் பிடித்துக் கரையேறினார்.

மழை வெறித்ததும் விருந்தினர் புறப்பட்டார்கள். இப்படி ஒரு விழாவைக் கண்டதில்லை என்று ஒவ்வொருவரும் மத்தியாஸின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு வேண்டியதற்கும் மேலேயே சேர்ந்திருந்தது.

7

காலையில் தண்ணீர் வடிந்ததும் மத்தியாஸும் கறுப்பையாவும் மலையேறினார்கள்.

மூன்று பேர் இறந்திருந்தார்கள். வழி நடந்து வந்த இரண்டு கிழவர்கள், பிறகு மூக்காயி.

சுப்பம்மா பலகைச் சுவரின் இடைவெளிகளில் வெறும் கோப்பிச் சாக்குகளைச் செருகியிருந்தாள். சாக்கு போதாத இடத்துக்கு நேரே, காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். தங்கை இன்னும் மடியில்தான்.

மத்தியாஸைக் கண்டதும் அவள் கேட்டாள்: “விருந்து நல்லா நடந்துச்சா சாமி?”

(முதலில் இதைக் குத்தலாக எழுதினேன். அதற்குப் பிறகு அவள் அவனைச் சபிப்பதாக ஒரு பக்கம் வந்தது. நன்றாகத்தான் வந்தது; கிழித்துவிட்டேன். அவள் குத்தவில்லை. விருந்து தங்களுக்காகத்தான் என்று அவன்தான் சொல்லியிருந்தான். அவள் நம்பியிருந்தாள்.)

“ஓம்,” என்றான். “நல்லா நடந்தது.”

“ஓடு போட்டுருவாங்களா?”

“போடுவினம்.”

“எப்ப?”

“மழை முடிய.”

அவள் தலையை ஆட்டினாள். மத்தியாஸ் தொப்பியைக் கழற்றினான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டான்.

8

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: மத்தியாஸ் அன்றே வேலையை எறிந்துவிட்டு நோயாளர் கூடவே இருந்துவிடுகிறான். எழுதிய மை காயுமுன் இது பொய் என்று தெரிந்துவிட்டது.

இரண்டு: ஆஸ்பத்திரி எழும்புகிறது. நல்ல சிவப்பு ஓடு. அதில் நூற்றுக்கணக்கானோர் பிழைத்து எழுந்து நடக்கிறார்கள். இது பொய்யல்ல. அந்த நிதியில் கட்டத்தான் கட்டினார்கள். அந்த ஒரு நாள் நடந்திராவிட்டால் அத்தனை பேரும் செத்திருப்பார்கள் என்று யாராவது கணக்குச் சொன்னால், என்னிடம் மறுகணக்கு இல்லை. அதனாலேயே இந்த முடிவை என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று: அடுத்த மே மாதம் சங்கம் கூடுகிறது. இன்னொரு விழா, இன்னொரு நல்ல காரியம். மத்தியாஸ் காகிதத்தை எடுத்து, மேலே தேதியைப் போட்டு...

மூன்றையும் தள்ளிவைக்கிறேன். அந்தக் காலையைவிட்டு என்னால் வெளியே வர முடியவில்லை.

கறுப்பையாவும் நடக்கக்கூடிய மற்றவர்களும் கிழவர்கள் இருவரையும் எடுத்துக்கொண்டு சரிவில் முன்னே போய்விட்டார்கள். சுப்பம்மா இரண்டு சாக்கைப் பிரித்து, ஒன்றாக முடிந்து, தங்கையை அதில் கிடத்தினாள். கீழே ரோட்டில் கண்டி வண்டி நிற்கிறது. வண்டிக்காரன் ஒரு முறை கூப்பிட்டுவிட்டான். விருந்தினர்களுக்கு நன்றிக் கடிதங்கள் இன்றைய தபாலிலேயே போக வேண்டும் என்று துரைசாணி சொல்லியிருக்கிறாள்.

சுப்பம்மா தலைமாட்டுப் பக்கம் சாக்கின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்குகிறாள். அவனை அவள் கூப்பிடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்தபடியே நிற்கிறாள்.

மத்தியாஸ் வாசலில் நிற்கிறான். இதற்குமேல் அவனை ஓர் அடிகூட என்னால் நகர்த்த முடியவில்லை. முடிந்தால் நீங்கள் நகர்த்துங்கள், உள்ளேயோ வெளியேயோ.

கால்மாடு இன்னும் தரையில்தான் கிடக்கிறது.