ஏழாம் நம்பர் டோக்கன்

காற்று அடைத்த சிலிண்டரை ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் கடற்கரை முக்குளிப்புக் கொட்டகையில் ஒரே பெயர்தான்: ஆக்ஸிஜன். வருஷத்துக்கு நாலைந்து ஆக்ஸிஜன்கள் வந்து போவார்கள். இந்த வருஷத்து ஆக்ஸிஜன் தன் சொந்த அக்காவின் வீட்டுக்காரராகப் போய்விட்டதுதான் தங்கைக்கு வந்த சோதனை. அவள் அங்கே பன்னிரண்டு வருஷமாக முக்குளிப்பு கைடு.

நாலே நாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கிய மனிதர், கடலைக் குத்தகைக்கு எடுத்தவர் மாதிரி மணலில் நடந்து வந்தார். கெண்டைக்காலில் ஒரு கத்தி. அதைக் கொண்டு அவர் அதுவரை வெட்டியது ஆரஞ்சுப் பழம் மட்டும்தான். மணிக்கட்டில் ஆழம் காட்டும் கடிகாரம். கரையில் நிற்கும்போதே அதை நாலு முறை பார்த்தார். குறைகுடம் தளும்பும் என்பார்கள். இந்தக் குடத்தில் தளும்பவும் தண்ணீர் இருந்ததா என்பது தங்கையின் சந்தேகம்.

"மாஸ்க்ல உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்ச்சுக்கங்க மாமா. இல்லன்னா ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியாது."

"சீச்சீ! அதுக்குன்னே ஸ்ப்ரே வாங்கியிருக்கேன்."

"எங்க இருக்கு?"

"ரூம்ல."

அக்கா சிலிண்டர் மாட்டவில்லை. மாஸ்க், மூச்சுக்கு ஸ்நார்க்கல் குழாய், காலில் துடுப்பு மாதிரி ஃபின்ஸ், அவ்வளவுதான். மாமா கீழே போவார், அவள் மேலே மிதந்தபடி அவர் விடும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே பின்தொடர வேண்டும் என்பது மாமாவின் ஏற்பாடு. இருபது வருஷக் குடும்பமும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது.

தங்கை படிவத்தை எடுத்தாள். "அக்கா, காது வலி, மூச்சுத் திணறல் ஏதாவது உண்டா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் மாமா.

"நீச்சல்?"

"சுமார்தான். நான்தான் கூட இருக்கேன்ல."

தங்கையை ஏழு வயதில் குளத்தில் தள்ளி நீச்சல் பழக்கியவளே அக்காதான். அந்த அக்கா இப்போது குனிந்து கணவரின் ஃபின்ஸ் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். காலையிலேயே சண்டை எதற்கு என்று தங்கையும் 'சுமார்' என்றே எழுதினாள்.

கொட்டகை வாசலில் ஒரு பலகை உண்டு. பலகை நிறைய ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு டோக்கன். கடலில் இறங்குகிறவர் தன் டோக்கனைச் சிவப்புப் பக்கம் தெரிய மாட்ட வேண்டும், கரையேறியதும் வெள்ளைப் பக்கம் திருப்ப வேண்டும். ஒரு சிவப்பு இருந்தாலும் கம்பத்தில் ஏற்றிய கொடி இறங்காது, கைடு கொட்டகையைப் பூட்டமாட்டாள். அவரவர் டோக்கனை அவரவர்தான் தொட வேண்டும் என்பது பலகையின் தலையிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. அதை எழுதியவள் தங்கைதான். அக்கா இன்னும் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், அக்காவின் ஏழாம் நம்பரைச் சிவப்பாக மாட்டியவளும் அவள்தான்.

"மஞ்சள் மிதவையைத் தாண்டாதீங்க மாமா. அதுக்கு அந்தப் பக்கம் பவளப்பாறைல ஒரு திறப்பு இருக்கு. பதினோரு மணிக்கு மேல தண்ணி வடியும், அந்த வழியாத்தான் வெளிய இழுக்கும்."

"எனக்கே பாடமா?" என்றார் மாமா.

தங்கை கல்லூரி மாணவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு விரிகுடாவின் மறுபக்கம் இறங்கினாள். அவர்களோடு கரையேறும்போது மணி பதினொன்றே கால். தங்கள் டோக்கன்களைத் திருப்பியதும் பலகையில் எல்லாமே வெள்ளை. கொடியை இறக்கினாள். மாஸ்க்குகளை நல்ல தண்ணீர்த் தொட்டியில் போட்டு அலச ஆரம்பித்தாள்.

மாமா பெஞ்சில் கால் மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள்.

"ஆமை! இந்த மேசை அளவு. விடாம துரத்தினேன்ல! அதுக்கும் எனக்கும் இவ்வளவு தூரம்தான்."

ஆவி படிந்த மாஸ்க்கில் அவர் துரத்தியது ஆமையா, பாறையா, தன் நிழலா என்பது அந்த ஆமைக்கே வெளிச்சம்.

"அக்கா எங்க மாமா?"

"வந்துட்டா. டிரஸ் மாத்தப் போயிருப்பா."

தங்கை திரும்பினாள். வாசற்படியில் அக்காவின் செருப்பு அப்படியே கிடந்தது. உடைந்த பவளத் துண்டுகள் கால் வைக்கும் இடமெல்லாம் குத்தும் கரை அது. செருப்பில்லாமல் ஓர் அடி வைக்க முடியாது.

"டோக்கனை யார் திருப்பினது?"

"நான்தான். என்னுதத் திருப்பும்போதே அவளுதயும் திருப்பிட்டேன். பின்னாடியே வந்துருவான்னு..."

"எப்ப?"

"அரை மணி இருக்கும். அந்தக் கோடியில கரையேறி நடந்தே வந்துட்டேன். ஏன், வரலையா?"

பாவி, பாவி என்று தங்கையின் வாய் முணுமுணுத்தது. அது மாமாவையா தன்னையா என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரமில்லை. மிதப்பு வளையத்தைத் தோளில் போட்டாள், மாஸ்க்கை மாட்டினாள், ஓடினாள். தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. இடுப்பளவு தண்ணீரிலேயே அது காலைத் திறப்பின் பக்கம் தள்ளியது. அக்கா மிதவையைத் தாண்டியிருந்தால் இந்நேரம் பாறைக்கு வெளியே ஆழ்கடலில் இருப்பாள்.

அக்கா மிதவையில்தான் இருந்தாள். கயிற்றை ஒரு கையில் சுற்றியிருந்தாள். கயிற்றில் ஒட்டியிருந்த சிப்பிகள் கிழித்து உள்ளங்கையில் ரத்தம். உதடு வெளுத்திருந்தது. தங்கையைக் கண்டதும் வாயிலிருந்து ஸ்நார்க்கலைப் பிடுங்கினாள்.

"அவரக் காணோம்டி!"

"அக்கா..."

"இங்கயே இரு, நகராத, வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. கொஞ்ச நேரம் குமிழி வந்துச்சு. அப்புறம் வரவே இல்ல. கீழ என்னமோ ஆயிடுச்சுன்னு ஏழெட்டுத் தடவ முங்கிப் பாத்துட்டேன். கண்ணுக்கே தெரியலடி!"

சிலிண்டர் இல்லாமல், நாலு ஆள் ஆழத்துக்கு, இழுக்கிற தண்ணீரில், ஏழெட்டுத் தடவை. நீச்சல் சுமார்.

"அவரு கரைலதான் இருக்காரு" என்றாள் தங்கை. "டீ குடிச்சிட்டு இருக்காரு."

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். கயிற்றிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். தங்கை வளையத்தை நீட்டியபோது தொடக்கூட இல்லை. இழுப்புக்குக் குறுக்கே கைவீசி நீந்தத் தொடங்கினாள். பன்னிரண்டு வருஷ கைடு மூச்சுவாங்கிக்கொண்டு பின்னால் போனாள்.

கரையில் மாமா தயாராக நின்றார். அவர் மீசையில் என்றைக்கு மண் ஒட்டியிருக்கிறது?

"பாத்தியா, நான்தான் சொன்னேனே, அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு! சும்மா பயமுறுத்திட்டீங்க."

அக்கா அவரைக் கடந்து, வெறுங்காலோடு அந்தப் பவளத் துண்டுகள் மேல் நடந்து பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏழுதானே என்னுது? இது எப்படி வெள்ளையாச்சு?"

தங்கை பாய்ந்தாள். "இவருதான்க்கா! கொஞ்சமாவது அறிவு வேணாம்? அவங்கவங்க டோக்கனை அவங்கவங்கதான் தொடணும்னு எழுதி வச்சிருக்கேன், படிக்கத் தெரியாதா..."

"மாட்டினது யாரு?" என்றாள் அக்கா.

"நான்தான்" என்றாள் தங்கை.

"சுமார்னு எழுதினது?"

அதுவும் அவள் கைதான். அதுவரை மாமாவுக்கென்று சேர்த்து வைத்திருந்த ஏளனமெல்லாம் பாதிக்குப் பாதி தன் தலையில் கொட்டியதைத் தங்கை உணர்ந்தாள். வெட்கமாக இருந்தது.

அக்கா டோக்கனைக் கழற்றிச் சிவப்பாக மாட்டினாள். உள்ளங்கை ரத்தம் பலகையில் பட்டது. பிறகு தன் கையால் வெள்ளைக்குத் திருப்பினாள்.

"இப்பதான் வந்திருக்கேன்" என்றாள். "நாளைக்குக் கொடி எத்தன மணிக்கு ஏத்துவ?"

"ஆறரைக்கு."

"ஆறரைக்கா?" என்றார் மாமா. "அவ்வளவு சீக்கிரம் எனக்கு முடியாது. பத்து மணிக்கு வச்சுக்கலாம்."

"உங்கள யாரு கூப்பிட்டா?" என்றாள் அக்கா.

தங்கை உள்ளே போய்ப் புதிய படிவம் ஒன்றைக் கொண்டுவந்தாள். பேனாவை நீட்டினாள். பழக்கதோஷம், மாமாவின் கைதான் முதலில் நீண்டது. அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பேனாவை அக்காவிடம் கொடுத்தாள் தங்கை.