நடுக்கல்லில் ஒரு புள்ளி

லென்ஸுக்குள் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் சங்கரி கல்லை இன்னும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். காந்தி ரோட்டில் ஒரு நகைக்கடை. மகள் காயத்ரியின் கல்யாணத்துக்குப் பழைய வெட்டில் ஏழு கல் வைரத்தோடு வேண்டுமென்று சம்பந்தி வீட்டில் ஆசைப்பட்டிருந்தார்கள். கடைப்பெண் லக்ஷணா ஒரு ஜோடியை எடுத்துத் துணிமேல் வைத்திருந்தாள். நடுக்கல்லின் மத்தியில் ஊசிமுனை அளவுக்கு, வட்டமாக ஒரு புள்ளி. போன வாரம் சிநேகிதி கமலவேணியின் தோட்டில் பார்த்தாளே, அதே புள்ளி.

"என்னாமா இது, புள்ளி வுழுந்த கல்லப் போயி குடுக்கறியே?"

"ஐயோ ஆன்ட்டி, அது டேமேஜ் இல்ல. பழைய கட்ல அடிமுனைய கூரா விடமாட்டாங்க, லைட்டா தட்டையா சீவிடுவாங்க. மேலேர்ந்து பார்த்தா புள்ளியாட்டம் தெரியும். அது இருந்தா நாங்க சந்தோஷப்படுவோம்."

"பட்டையெல்லாம் ஒண்ணாட்டம் ஒண்ணு இல்லியே?"

"கையால தீட்டினதுல்ல, அப்படித்தான் இருக்கும். கல்ல லேசா ஆட்டிப் பாருங்க. பொடிப்பொடியா மின்னாது, பெருசு பெருசா வெட்டும். நடுவுல வெளிறிப்போயி அடியில இருக்கற துணி தெரிஞ்சா மட்டும் வாங்காதீங்க."

சங்கரி ஆட்டிப் பார்த்தாள். பளீர் பளீரென்று வெட்டியது. கமலவேணியின் கல்லும் இப்படித்தான் வெட்டியது, பாவி, அதைக் கண்டுகொள்ளவே இல்லையே! "அப்புறம் வரேன்மா" என்று எழுந்தவள், ஓடாத குறையாக வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள்.

சங்கரியின் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தறியிலிருந்து இறங்கும் பட்டுச்சேலைகளுக்குக் குறை பார்ப்பது இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எங்கே இழை அறுந்திருக்கிறது, எந்த புட்டா ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கிறது என்று விரலை வைத்துவிடுவாள். எல்லா புட்டாவும் ஒன்றுபோல இருந்தால் சேலை தேறும். இல்லாவிட்டால் நெய்தவன் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளையார்பாளையத்தில் அவளை மனசுக்குள் திட்டாத நெசவாளி கிடையாது, எதிர்த்துப் பேசியவனும் கிடையாது. அந்தக் கண்ணைத்தான் வைரத்துக்கும் கொண்டுபோனாள். கொழுப்பு, வேறென்ன?

கமலவேணி பக்கத்துத் தெருக்காரி, பள்ளிக்கூடத்து சிநேகிதி. அந்தத் தோடு அவள் கல்யாணத்தின்போது மாமனார் தேடிப்பிடித்து வாங்கிப் போட்டது. புருஷன் உதயகுமார் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தறியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். பிறகு அதை அவள் போடவில்லை. அவளிடம் மிச்சமிருந்த நல்ல பொருள் அது ஒன்றுதான். காயத்ரிக்கு வைரம் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததும், "வேற யாரோ போட்டுக்கறதுக்கு நம்ம காயத்ரி போட்டுக்கட்டும்டி" என்று தானே விற்க எடுத்துவந்தாள்.

வைரமென்றால் வாங்குமுன் மூன்று நாள் சாமி படத்தண்டை வைத்துப் பார்ப்பது வழக்கம். சங்கரி மூன்று நிமிஷம்கூட வைக்கவில்லை. ஜன்னலோரம் போய்ப் பிடித்தாள், விரலை வைத்தாள். "புள்ளி இருக்குதுடி. பட்டையும் கோணல். புள்ளி வைரம் போட்டா தாலிக்கு ஆவாதும்பாங்க. எம் பொண்ணுக்கு வாணாம்பா."

கமலவேணி தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "இருவது வருஷம் நா இதத்தான் போட்டுக்கினு இருந்தேன் சங்கரி" என்றாள். சங்கரியோ குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு இப்போது ஆட்டோவில் போகும்போதுதான் உறைத்தது.

கமலவேணி கூடத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. "வாடி, காபி போடட்டா?"

"தோடு எங்கடி?"

"கோயில் உண்டியல்ல போட்டுட்டேன். அன்னிலேர்ந்துதான் எனக்குத் தூக்கமே வருது. நல்லா இருந்த மனுசன் ஏன் பொட்டுனு போனாருன்னு ரெண்டு வருஷமா ரோசன பண்ணி பண்ணி மண்ட காஞ்சிக்கினு இருந்தேன். நீ சொன்னப்புறம்தான் வெளங்குச்சி. என் காதுல கிடந்துதான் அவர வாரிக்கினு போயிருக்குது." முறத்தைத் தட்டிவிட்டு ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

பேசாமல் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். கேட்க ஆளில்லை. தூங்குகிறவளை எதற்கு எழுப்ப வேண்டும்? ஆனால் புருஷனைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை நாள் தூங்குவாள்? சங்கரி அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"கமலா, அது நல்ல கல்லுடி. பழைய வெட்டுன்னா புள்ளி இருக்கத்தான் செய்யுமாம், இப்பதான் கடையில காட்னாங்க. எனக்குத்தான் பாக்கத் தெரியல. வாயி வெச்சிக்கினு சும்மா இல்லாத கண்டதையும் ஒளறிட்டேன். உம்மேல ஒரு தப்பும் இல்லடி."

திட்டுவாள், முறத்தைத் தூக்கி அடிப்பாள் என்று காத்திருந்தாள். அடித்தால் தேவலை. கமலவேணி முறத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்ப அவரு ஏன்டி செத்தாரு?"

கமலவேணி பதிலுக்காகச் சங்கரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோடில்லாத காது ஓட்டை தூர்ந்துபோகாமலிருக்கச் செருகியிருந்த ஈர்க்குச்சியை அவள் விரல்கள் திருகின, திருகிக்கொண்டே இருந்தன.