காலண்டர்த் தாளின் பின்பக்கம்

மாரிசெல்விக்கு விடிந்ததும் முதல் வேலை, சுவரில் தொங்கும் காலண்டரில் முந்தைய நாளின் தாளைக் கிழிப்பது. கிழித்ததை அவள் எறியமாட்டாள். நேற்று எந்த நேரம் ஓடிற்று, எந்த நேரம் நகர மறுத்தது என்று அதன் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி, கிளிப்பில் செருகிவைப்பாள். சேரப்பணஞ்சேரியில் அந்த ஒற்றை அறையை அவளுக்கு வாடகைக்கு விட்டிருந்த தாயாரம்மாளுக்கு இது பெரிய வேடிக்கை.

"இன்னாமே, காலண்டர் பின்னாடி அப்டி இன்னா எய்தினுகீற? முன்னாடி போட்டுக்கீற ராசிபலனைப் படிச்சாலும் உருப்புடலாம்!"

"அதுல எனக்குன்னு தனியா ஒண்ணும் போடலயேம்மா. அதான் நானே எழுதிக்கிடுதேன்."

சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து பதினெட்டு வயதில் வந்தவள் அவள். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பி மாரிராஜ் ஐ.டி.ஐ. படிக்கவேண்டும் என்பதற்காக வந்தாள். அவனும் படித்து முடித்து, இப்போது மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருக்கிறான். இவளோ ஆறாண்டுகளாக ஒரகடத்தில், கார்களுக்கு வயர்க் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் அதே லைனில் உட்கார்ந்திருந்தாள். வயரின் நுனியில் உலோக முனையை வைத்து மெஷினை அழுத்தவேண்டும். மறுபடி வைத்து, மறுபடி அழுத்தவேண்டும். என்ன வேலை செய்தால் உன் மனம் நிறையும் என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தாள்.

ஒரு விடுமுறை நாளில் ஓராண்டுத் தாள்களையும் பாயில் பரப்பிப் படித்தபோது விடை கிடைத்தது. நேரம் ஓடிற்று என்று எழுதியிருந்த நாள்கள் யாவும் மெஷின் பழுதாகி நின்ற நாள்கள்! மெயின்டனன்ஸ்காரர் மூடியைத் திறக்க, இவள் பின்னால் நின்று எட்டிப் பார்த்த நாள்கள். 'இன்று பிளேடு தேய்ந்திருப்பதைச் சத்தத்திலேயே அறிந்தேன். அவர் அரை மணி கழித்துத்தான் கண்டார்' என்று ஒரு தாள் சொல்லிற்று. அன்று மதியம் சோறு பொங்க மறந்து, அவள் அந்தத் தாள்களின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதமே தொழிற்சாலையில் ஓர் அறிவிப்பு வந்தது. மெயின்டனன்ஸ் பயிற்சியாளர் இடம் இரண்டு. லைனில் இருப்பவர்களும் தேர்வு எழுதலாம். செய்தி கேட்ட மாரிராஜ் சிரித்துக்கொண்டே தன் பழைய ஐ.டி.ஐ. புத்தகங்களைப் பையில் கட்டிக் கொண்டுவந்தான். தம்பியே ஆனாலும் ஆண்பிள்ளை அறைக்குள் வரக்கூடாது என்பது தாயாரம்மாளின் சட்டம். எனவே ஞாயிறுதோறும் கேட்டுக்கு வெளியே, அவனுடைய பைக்கின் இருக்கைமீது புத்தகத்தை விரித்துவைத்து அவள் பாடம் கேட்டாள்.

தேர்வு எழுதிய மறுவாரம், இதுவரை எவருக்கும் காட்டாத தாள்களை அவனுக்கு எடுத்து வந்து வாசித்துக் காட்டினாள். கேட்டு முடித்தவன், "யக்கா, நெனப்புக்கு ஒண்ணு நான் வச்சுக்கிடுதேன்" என்று ஒரு தாளை உருவிப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டான். தேர்வுக்கு முன்தினம் எழுதிய தாள் அது. தன் பயத்தைத் தம்பி வாங்கிக்கொண்டான் என்று அவளுக்கு அன்று மனம் குளிர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து வந்தவன், பைக்கைவிட்டு இறங்காமலே சொன்னான்: "கம்பெனிலேருந்து போன் பண்ணுனாவக்கா. லிஸ்ட்ல ஒம் பேரு இல்லையாம்."

அந்தத் தொழிற்சாலையின் எந்த விண்ணப்பத்திலும் பெண்களுக்கு மட்டும் 'பாதுகாவலர்' என்றொரு கட்டம் உண்டு. பெண்களைப் பற்றிய எந்த முடிவும் அந்தக் கட்டத்தில் இருப்பவருக்கே முதலில் சொல்லப்படும். மாரிசெல்வியின் கட்டத்தில், அவளைவிட இரண்டு வயது இளையவனான மாரிராஜின் பெயர் இருந்தது. ஆதலால் அவன் சொன்னதை அவள் நம்பினாள். நம்பாமலிருக்க அவன் என்ன அயலானா?

ஒரு மாதம் சென்றது. அவளுடைய மெஷின் மறுபடி நின்றது. புதிய பயிற்சியாளன் ரகுபதி பெட்டியோடு வந்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பையன். அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"நீங்கதானா மாரிசெல்வி அக்கா? ரொம்ப தேங்க்ஸ்க்கா!"

"எதுக்கு?"

"இன்னாக்கா, தெரியாத மாரி கேக்கறீங்க? லிஸ்ட்ல நீங்க ரெண்டாவது, நான் மூணாவது. நீங்க வாணாம்னு எய்திக் குடுத்தீங்க, எனக்குக் கெடைச்சுது. எங்கம்மா உங்க பேருல அர்ச்சனையே பண்ணிட்டாங்க!"

அவன் சிரிப்பில் கள்ளமில்லை. அவள் மெஷின் பக்கம் திரும்பினாள். "பிளேடப் பாருங்க, தேஞ்சிருக்கும்" என்றாள். அவன் மூடியைத் திறந்தான். பிளேடு தேய்ந்துதான் இருந்தது.

உணவு இடைவேளையில் அவள் மனிதவளப் பிரிவுக்குச் சென்றாள். அங்கே இருந்த வசுதா மரியாதை தெரிந்த பெண்மணி. எவரையும் கடிந்து பேசி அறியாதவர்.

"உங்க தம்பி நேர்லயே வந்து லெட்டர் குடுத்தாரும்மா. உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகப் போறதுன்னார்."

"நான் எழுதலயே மேடம்."

"கார்டியன் எழுதினாப் போதும். லேடீஸுக்கு அதான் நடைமுறை. ஆனாலும் நான் கேட்டேன், அவளுக்குச் சம்மதமான்னு. அதுக்குத்தான் இதை எடுத்துக் குடுத்தார். இது உங்க கையெழுத்துதானே?"

கோப்பில், கடிதத்தோடு சேர்த்து ஒரு காலண்டர்த் தாள் பின் குத்தப்பட்டிருந்தது.

'இந்த வேலை என்னால் முடியுமா? பயமாக இருக்கிறது.'

அவளுடைய கையெழுத்தேதான். அதன் கீழே, 'ஆனாலும் எழுதத்தான் போகிறேன்' என்று இன்னொரு வரியும் உண்டு என்பது அவளுக்கு நினைவிருந்தது. குனிந்து தேடினாள். அந்த வரியின்மேல்தான் அலுவலக முத்திரை ஊதா நிறத்தில் பதிந்திருந்தது.

மாலையில், அவள் போன் போட்டு அழைத்ததும் மாரிராஜ் கேட்டருகே வந்துவிட்டான்.

"ஏம்ல இப்படிச் செஞ்ச?"

அவன் தலை கவிழ்ந்தான். "கொம்பையா மாமா வீட்ல ஒன்னக் கேட்டு வந்துருக்காவக்கா. ஒக்காந்து பாக்குத வேலைன்னா சரியாம். ஆம்பளைகளோட ஸ்பானரத் தூக்கிட்டு அலையுத பிள்ள வேண்டாம்னுட்டாவ. அம்மை போன்ல அழுதா. என்னைய என்ன செய்யச் சொல்லுத?"

"அம்மைக்கும் தெரியுமால?"

அவன் பைக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

"பெறவு எதுக்கு ஒம் புஸ்தகத்தக் கொண்டாந்து குடுத்த? வாரந்தோறும் வந்து எதுக்குச் சொல்லிக்குடுத்த?"

"நீ பாஸாவேன்னு நான் நெனைக்கலக்கா."

அவன் சொன்ன பொய்யைக் காட்டிலும் இந்த மெய் அவளை அதிகம் அறுத்தது. அத்தனை ஞாயிறுகளும் அவனுக்கு விளையாட்டாக இருந்திருக்கின்றன.

உள்ளேயிருந்து தாயாரம்மாளின் குரல் வந்தது. "ஏம்ப்பா, ஸ்பானர் புடிச்சா பொண்ணு கெட்டுப்பூடுமா? ஆறு வருசமா அந்த மெஷினை அமுக்கி உன்னியப் படிக்க வெச்சுதே, அப்போ இந்த மாமன் எங்க பூட்டாரு?"

மாரிராஜ் அதைக் காதில் வாங்காதவன்போல் பைக்கைத் திருப்பினான். "வார ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராவ. சனிக்கெழம பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன். புஸ்தகத்த எடுத்துத் தா, இனி ஒனக்கு எதுக்கு?"

"புஸ்தகம் இங்க இருக்கட்டும். டிக்கெட்டத்தான் ரத்து பண்ணிரு."

"அம்மைட்ட நான் என்னன்னு சொல்ல?"

"எனக்குச் சொன்னியே, லிஸ்ட்ல பேரு இல்லன்னு. அதையே மாமா வீட்டுக்கும் சொல்லு."

மறுநாள் காலை, ஷிப்ட் தொடங்குமுன் அவள் வசுதாவின் மேசைமுன் நின்றாள்.

"மேடம், பாதுகாவலர் கட்டத்துல பேரு மாத்தணும்."

"அம்மா பேர் போடட்டுமா?"

"எம் பேரு."

வசுதா தட்டிப் பார்த்தார். "உறவுமுறை கேக்கறதேம்மா. அதே பேரைப் போட்டா சிஸ்டம் ஏத்துக்காது."

"ஆம்பளைகளுக்கு இந்தக் கட்டம் உண்டா மேடம்?"

"இல்ல. அவங்களுக்கு அவசரத்துக்கு ஒரு போன் நம்பர் மட்டும் வாங்குவோம்." வசுதா திரையிலிருந்து திரும்பினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "எழுதிக் குடுங்கோ. மேல அனுப்பறேன். என்ன சொல்வான்னு எனக்குத் தெரியாது."

மாரிசெல்வி நின்றபடியே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாள்.

"அடுத்த பரீட்சை எப்ப மேடம்?"

"ஆறு மாசமாகும்."

"அதுக்கு எம் பேரப் போட்டுக்கிடுங்க. பதில எங்கிட்டயே சொல்லுங்க."