தண்ணீரைக் குடி

ஆகஸ்ட் பாதியிலேயே எங்கள் மலையூரின் ஊற்று வற்றிவிட்டது. தேவாலயத்துக்குப் பின்னால் கற்பலகை போட்டு மூடியிருந்த பழைய கிணறுதான் மிச்சம். அதை ஏன் மூடினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. பலகையைத் தூக்கிய அன்று அதில் குடித்த ஐந்து ஆடுகளில் இரண்டு, மறுநாள் காலை விறைத்துக் கிடந்தன.

பழைய பங்குப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கச் சொன்னார் ஊர்த்தலைவர் தொன் லிபோரியோ. கோயில்பிள்ளையான எனக்குத்தான் அந்த எழுத்து படிக்க வரும். இரண்டாம் நாள் மதியம், கண்டுபிடித்த பக்கத்தில் விரலை வைத்தபடி பதிவேட்டோடு செராஃபினாவின் ஒயின் கடைக்குள் நுழைந்தேன். கோவேறு கழுதை ஓட்டும் எவாரிஸ்டோ பெவிலாக்வா வழக்கமான மூலையில் இருந்தான்.

"எவாரிஸ்டோ, உன் குடும்பப் பேரு இதுல இருக்குடா."

"பெவிலாக்வான்னா தண்ணி குடிக்கிறவன், அதானே? பாட்டன் தண்ணி குடிச்சே செத்தாரு. அவர் பங்கு ஒயினையும் நான்தான் குடிக்க வேண்டியிருக்கு."

"அதுல மட்டும் நீ குறை வச்சதே இல்ல," என்றாள் செராஃபினா. கடையே சிரித்தது.

"குடிக்கிறவன் இல்ல. 'பெவி லாக்வா'. தண்ணியைக் குடி. அது கட்டளை," என்றேன்.

வாசித்தேன். கொள்ளைநோய் ஆண்டு. கிணற்றில் விஷம் என்று சந்தேகம். மலைக்கு அப்பாலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு பிழைக்க வந்த ஒருவனை நிறுத்தி, ஊர்ப் பெரியவர்கள் சொன்ன சொல் அது. அதுவே பெயராக நின்றுவிட்டது.

அத்தோடு பதிவேட்டை மூடினேன். யாரும் சிரிக்கவில்லை. சன்னலோரம் உட்கார்ந்திருந்த தொன் லிபோரியோ தன் கோப்பையை மேசைமேல் மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பூசை முடிந்ததும் ஊரே கிணற்றடியில் நின்றது. எவாரிஸ்டோ வந்தபோது கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. கிணற்றுச் சுவரில் ஒரு தகரக் குவளை, நிறைந்து.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்." மகள் ஓர்த்தென்சியா அவன் சட்டைக்கையைப் பிடித்திருந்தாள்.

"யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தலப்பா," என்றார் தொன் லிபோரியோ. "பிள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்கு. அவ்வளவுதான்."

எவாரிஸ்டோ என் பக்கம் திரும்பினான்.

"கோயில்பிள்ளை, நீ படிச்சவன். அந்த ஆளு குடிச்சப்புறம் என்னாச்சு?"

நான் வாசிக்காமல் விட்ட வரி கண்முன் நின்றது. மூன்றாம் நாள் அடக்கம்; பெயர் மகனுக்கு. சொல்ல வாயெடுத்தேன். உதடு வெடித்து இரத்தம் உப்புக் கரித்தது. இரண்டு நாளாக என் வீட்டிலும் பானை காலி.

"பேரு இன்னிக்கு வரைக்கும் நிலைச்சு நிக்குதே," என்றேன்.

"அதுவும் சரிதான்." சிரித்துக்கொண்டே குவளையை எடுத்தான்.

எல்லோரும் அவன் தொண்டையைப் பார்த்தார்கள். ஓர்த்தென்சியா மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.