வீங்காத முதல் புள்ளி

என் அண்ணன் தந்த மாத்திரையை என் கையாலேயே என் புருஷனுக்குக் கொடுத்தேன். தண்ணீரும் நானே மொண்டு கொடுத்தேன்.

அவர் ரொட்டித் தொழிற்சாலையில் ஏழு வருஷமாக மாவு கொட்டுகிறவர். மூட்டையைப் பிரித்து, பிசைகிற மிஷினின் வாயில் கவிழ்க்க வேண்டும். வேலை வாங்கிக் கொடுத்ததே என் அண்ணன்தான். அங்கே அவன் சூப்பர்வைசர். நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன். ஊரார் சட்டையெல்லாம் மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அவர் சட்டையை உதறினால், தையலுக்குள்ளிருந்து மாவு கொட்டும். முதலில் தும்மல் வந்தது. அப்புறம் கண் அரிப்பு. அப்புறம் இழுப்பு. போன மாதம் மூட்டை மேலேயே சரிந்து விழுந்துவிட்டார். உதடெல்லாம் நீலம். "இன்னொரு தடவை இப்படி வந்தா என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மேனேஜர் அசையவில்லை. மாவு ஒத்துக்கொள்ளவில்லை என்று டெஸ்ட் ரிப்போர்ட்டும், அதன் கீழே சூப்பர்வைசர் கையெழுத்தும் கொண்டுவந்தால், வெளியே வண்டியில் சரக்கேற்றும் வேலைக்கு மாற்றுவாராம். இல்லையென்றால் லீவு முடிந்து திங்கட்கிழமை பழைய இடம்தான்.

டெஸ்டுக்கு முந்தின நாள் அண்ணன் வீட்டுக்கு வந்தான். காகிதத்தில் மடித்த மூன்று மாத்திரைகளை என்னிடம் கொடுத்தான். "கையில வரிசையா ஊசி குத்துவாங்க பாப்பா. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்குக் காலையில ஒண்ணு குடு. வலி தெரியாது. ஒண்ணு கைவசம் இருக்கட்டும்." கூடப் பிறந்தவனுக்கு எவ்வளவு அக்கறை என்று உருகிப் போனேன். உருகின மூஞ்சியைப் பார்!

லேப்பில் டெஸ்ட் எடுத்த அம்மாள் கண்ணாடியைக் கயிற்றில் கோத்து மாட்டியிருந்தார். "அலர்ஜி மாத்திரை, சளி மாத்திரை எதாவது போட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். வலி மாத்திரையை யார் கணக்கில் வைப்பார்கள்? இவர் சத்தியமாக இல்லை என்றார். அந்த அம்மாள் இவர் முன்கையில் பேனாவால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் குத்தினார். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கை வழவழவென்று அப்படியே இருந்தது.

"அப்போ மாவு இவருக்கு ஒத்துக்குதா?" என்றேன். திங்கட்கிழமை கண் முன்னால் வந்து நின்றது.

அந்த அம்மாள் முதல் புள்ளியையே குனிந்து பார்த்தார். "இந்தப் புள்ளி மாவு இல்லம்மா. யாருக்குக் குத்தினாலும் இது வீங்கணும். எனக்கும் வீங்கும், உங்களுக்கும் வீங்கும். இவருக்கு இதுவே வீங்கலைன்னா டெஸ்டே செல்லாது. என்ன மாத்திரை போட்டாரு?"

பையிலிருந்து மிச்ச மாத்திரையை எடுத்துக் காட்டினேன். திருப்பிப் பார்த்தார். "இது அரிப்புக்குக் குடுக்கறது. வலிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே. யாரு குடுத்தா?"

"மச்சானுக்குத் தெரியாம இருந்திருக்கும்" என்றார் என் புருஷன்.

"நீங்க வாயை மூடுங்க" என்றேன்.

"சரி, ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார் அந்த அம்மாள். "ரத்தத்துல ஐ.ஜி.இ.ன்னு ஒண்ணு இருக்கு. வயித்துல புழு வந்தா சண்டை போடறதுதான் அதோட வேலை. உங்க வீட்டுக்காரர் உடம்புல அது கோதுமை மாவைப் பாத்து எதிரின்னு நினைக்குதான்னு தெரியணும். மாத்திரை தோல் வீங்கறதைத்தான் தடுக்கும். ரத்தத்துல இருக்கறதை மறைக்க முடியாது."

"திருடனைப் பிடிக்க வளர்த்த நாய் வீட்டுக்காரனைக் கடிக்குதாக்கும்" என்று இவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. கோதுமை மாவுக்கு நேரே ஐந்தாம் நிலை என்று போட்டிருந்தது. ஆறுக்கு மேல் கிடையாதாம்.

நேரே தொழிற்சாலைக்குப் போனேன். அண்ணனின் அறை மாடியில். கண்ணாடி வழியாகக் கீழே மாவு அறை தெரியும். ரிப்போர்ட்டை மேஜையில் அறைந்தேன்.

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியே! யாருக்கும் வீங்க வேண்டிய முதல் புள்ளியே வீங்கலை, உன் மாத்திரை மாட்டிக்கிச்சு! அந்த மனுஷன் செத்திருந்தா என் மூஞ்சியில எப்படி முழிப்பே?"

"மெதுவா பேசு பாப்பா. ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்! என் கையாலயே குடுக்க வச்சியே, பாவி! போடு கையெழுத்தை!"

பேனா எடுக்க இழுப்பறையைத் திறந்தான். உள்ளே அட்டை அட்டையாக அதே மாத்திரை. பாதிக்கு மேல் காலி. சட்டென்று மூடப் பார்த்தான். நான் கையை வைத்துத் தடுத்துவிட்டேன். அப்போதுதான் சத்தம் காதில் விழுந்தது. என் புருஷன் நெஞ்சில் கேட்கிற அதே விசில், என் அண்ணன் நெஞ்சிலும்.

"எத்தனை வருஷமா?"

"ஒம்பது." தலையைத் தூக்கவில்லை. "அப்போ கம்பெனியே எல்லாருக்கும் கையில குத்திப் பாத்தாங்க. வீங்கினவங்களை அடுத்த வாரமே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. நான் மாத்திரை போட்டுட்டுப் போனேன். அங்க யாரும் முதல் புள்ளியைப் பாக்கல. மேனேஜர் வண்டி வேலைன்னு சொல்வாரு பாப்பா, நம்பாதே. மாப்பிள்ளைக்கும் வேலை போயிடக் கூடாதேன்னுதான்..."

பாவமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. ஒன்பது வருஷமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, தங்கச்சி புருஷனை அதே மாவுக்குள் இறக்கிவிட்டிருக்கிறான்.

"ஆளே போயிட்டா வேலையை வச்சு நான் என்ன பண்ண? வண்டி வேலை தரலைன்னா இந்த ரிப்போர்ட்டை எங்க கொண்டுபோய்க் காட்டணும்னு எனக்குத் தெரியும். போடு!"

போட்டான். ரிப்போர்ட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகினேன். அவன் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினேன்.

"எங்க?"

"வா."

படியில் இறங்கினோம். மாவு அறையில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, இமையெல்லாம் வெள்ளையாக, வேடிக்கை பார்த்தார்கள். "பாப்பா, ரிப்போர்ட்ல வந்துட்டா என் வேலை போயிடும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். நான் பிடியை விடவில்லை.

லேப்பில் அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "இவர் யாரு?"

"மாத்திரை குடுத்த புண்ணியவான். என் கூடப் பிறந்தவன். இவனுக்கும் ரத்தம் எடுங்க."

அவன் சட்டைக் கையை நானே மடித்துவிட்டேன். மடிப்புக்குள்ளிருந்து மாவு கொட்டியது. ஊசி இறங்கும்போது என் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், கண்ணில் தண்ணீர்.

"வலிக்குதா?" என்றேன். "ஒண்ணு போட்டுக்கறியா? வலி தெரியாது."