பின் இடது சக்கரம்

மூன்றாவது முறையாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கார் வாங்கிய இடத்தின் சர்வீஸ் பிரிவு அது. வாங்கிய அன்று பூங்கொத்து கொடுத்துக் கைகுலுக்கினார்கள். இப்போது ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. பக்கத்து நாற்காலியில் என் மனைவி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தோம். அவள் முழங்கையில் பஞ்சும் பிளாஸ்திரியும் அப்படியே இருந்தன.

செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணிக்கு அவளுக்கு டயாலிசிஸ். ஒரு மாதமாகவே, "போதுங்க, அலுத்துப்போச்சு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். நான் காதில் விழாத மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் பாதி வழியில் டயர் உட்கார்ந்துவிட்டது. கால் பம்பை மிதித்து மிதித்துக் காற்று ஏற்றிப் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் தாமதம். அவள் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்பும்போது, "டயருக்கே புரிஞ்சுடுச்சு பாருங்க. விட்டுடலாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இந்த டயர் இன்னொரு நாள் ஏமாற்றினால் அதையே சாக்காக வைத்து டயாலிசிஸையே நிறுத்திவிடுவாள் என்று எனக்குப் பயம். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி நாட்களில் அரைமணி முன்னதாகவே எழுந்து பம்பை மிதிக்கிறேன். முட்டி வலி தனிக் கதை.

டை கட்டிய சர்வீஸ் ஆலோசகர் டேப்லெட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"சார், பின் இடதுன்னு போன மாசம் வந்தீங்க. பாத்தோம். ஆணி இல்ல. வால்வு மாத்திக் கொடுத்தோம்."

"அப்ப காத்து எங்க போகுது?"

"அப்புறம் முன் இடதுன்னு வந்தீங்க. அதுலயும் ஆணி இல்ல. வால்வு மாத்தினோம். இப்ப மறுபடி பின் இடதுங்கறீங்க. ரெண்டு புகார் கார்டும் க்ளோஸ் ஆயிடுச்சு. புதுப் புகாராத்தான் போடணும்."

இதே வசனத்தை நானும் ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் பேசிச் சம்பளம் வாங்கியவன். எதிர்ப்பக்கம் நிற்கும்போதுதான் அது எவ்வளவு எரிச்சலூட்டும் என்று தெரிகிறது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. காபி மெஷின் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாதியில் எனக்கே சலித்துப்போனது. கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. புதிதாகவே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"என்னங்க, கொஞ்சம் இருங்க" என்று மனைவி எழுந்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டி நடந்தாள். உள்ளே எங்கள் காரைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். சக்கரங்களில் இன்னும் கை வைக்கவில்லை. பின் இடது டயரைக் காட்டினாள். அதன் ஓரத்தில் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டு ஒன்று இருந்தது. அதை நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டாவது தடவை இங்க வர்றதுக்கு முன்னாடி, காத்து எறங்கின டயர்ல நான் வச்ச பொட்டு தம்பி. அப்ப அது முன்னாடி இருந்தது. பின்னாடி எப்படி வந்துச்சு?"

பக்கத்தில் கை துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்தான் பதில் சொன்னார். "வண்டி உள்ள வந்ததும் முன் சக்கரத்தைப் பின்னாடி, பின் சக்கரத்தை முன்னாடி மாத்திடுவோம்மா. எல்லா வண்டிக்கும் இலவசம். அப்புறம்தான் பஞ்சர் பாக்கறது."

"மாத்தினதும் கார்டைத் திருத்துவீங்களா?"

"கார்டு எங்க கையில இல்லம்மா. அதுல பின் இடதுன்னு இருந்தா, பின் இடதுல இருக்கறதைக் கழட்டுவேன்."

ஆக, ஓட்டை டயர் இரண்டு முறையும் இவர்கள் கையாலேயே தப்பித்துப் போயிருக்கிறது. ஒரு குறையும் இல்லாத டயருக்குப் போய்ப் புது வால்வு போட்டிருக்கிறார்கள், அதுவும் இரண்டு தடவை.

டைக்காரர் முகம் தொங்கிப்போனது. "சாரி மேடம். இன்னிக்கு ஆள் இல்ல. வண்டியை விட்டுட்டுப் போங்க, வெள்ளிக்கிழமை ரெடியா இருக்கும்."

"வெள்ளிக்கிழமை எனக்கு உதவாது. வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு நான் ஆஸ்பத்திரில இருக்கணும். சனிக்கிழமையும் இருக்கணும். அடுத்த வாரமும் போகணும். இனிமே ஒரு நாள்கூட என்னால விட முடியாது. இப்பவே கழட்டுங்க."

கார் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மாதமாக எந்தப் பேச்சைக் கேட்க ஏங்கினேனோ, அதை என்னிடம் சொல்லாமல் டை கட்டிய யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பரவாயில்லை, யாரிடம் சொன்னால் என்ன.

மெக்கானிக் யார் உத்தரவுக்கும் காத்திருக்காமல் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. டயரின் பள்ளத்தில் ஒரு திருகாணி, தலை தேய்ந்து, ரப்பரோடு ரப்பராகக் கிடந்தது. அதை எடுத்து ஓட்டையை அடைக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

"அப்படியே முன் சக்கரம் பின் சக்கரம் மாத்திக் கொடுத்துடட்டுமா? இலவசம்தான்" என்றார் டைக்காரர். அவருக்கும் வாய் பழகிவிட்டது, பாவம்.

"கை வச்சுப் பாருங்க" என்றாள் மனைவி.

காரில் ஏறி இரண்டு சிக்னல் தாண்டினோம்.

"என்ன, வாயே திறக்கல? அங்க அந்தக் கத்து கத்தினீங்க!"

"தொண்டை கட்டிக்கிச்சு" என்றேன். கத்தியதால் என்று நினைத்துக்கொள்ளட்டும்.