அடியில் கண் விட்ட கூடை

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கையில் எதையாவது ஆட்டிக்கொண்டு நடக்காவிட்டால் கால் எழும்பாது என்பது சவரிமுத்துவின் எண்ணம். பஸ் ஏறினால் ஒரு பை, பூசைக்குப் போனால் ஒரு பை. அப்படி எதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்களோ. அவரெல்லாம் மடியில் முடிந்துகொண்டு பாண்டி வரைக்கும் நடந்துபோய் வரவில்லையா?

அப்படிப்பட்டவரை மருமகள் லீமா பை பின்ன வைத்திருந்தாள். மரக்காணம் உப்பளத்தில் அவர் பின்னிய பனையோலைக் கூடையில்தான் முன்பெல்லாம் உப்பு வாருவார்கள். தகரச் சட்டி வந்தபிறகு ஒருவரும் கேட்பதில்லை. சும்மா உட்கார்ந்தால் அவருக்குச் சோறு இறங்காது. உப்புக் குவியலுக்குக் காவல் போகிறேன் என்று கிளம்பியவரை லீமாதான் நிறுத்தினாள். பாண்டியில் கடை வைத்திருக்கும் தட்சணாமூர்த்தியிடம் பேசி, அதே கூடையைச் சின்னதாக்கி, கழற்றி மாட்டுகிற பிடி வைக்கச் சொன்னாள். குட்டைப் பிடி போட்டால் கைக்கு, நீளப் பிடி போட்டால் தோளுக்கு. கடைக்காரருக்குப் பிடித்துப்போனால் மாசாமாசம் வேலை. இல்லாவிட்டால் மாமனார் காவலுக்குத்தான்.

தட்சணாமூர்த்தி பகல் பஸ்ஸில் வந்தார். ஒரு பையைத் தோளில் மாட்டி, கடைச் சாவியையும் பேனாவையும் உள்ளே போட்டு, வாசலில் மைனர் மாதிரி நடந்து பார்த்தார்.

"ஜோராத்தான் இருக்குது. பாண்டி வெள்ளக்காரிங்க வுடமாட்டாங்க." பேசிக்கொண்டே கையை உள்ளே விட்டவர் நின்றார். "சாவி எங்கம்மா?"

மணலில் கிடந்தது. சற்றுத் தள்ளிப் பேனாவும்.

லீமா பையைக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் முழுக்கச் சுண்டுவிரல் நுழையும் கண். ஈர உப்பு வாரும்போது தண்ணீர் வடிவதற்காகக் கூடையில் விடுகிற கண். எல்லாப் பையிலும் அப்படியே.

"மாமா, இதுல எதுக்குக் கண்ணு வுட்டீங்க?"

கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது. அதை ஒத்துக்கொள்வாரா அவர்?

"கண்ணு வுடலன்னா தண்ணி எங்க போவும்?"

"பையில ஏது பெரியவரே தண்ணி?" என்றார் தட்சணாமூர்த்தி.

"மழ பெஞ்சா?"

தட்சணாமூர்த்தி பேனாவைத் துடைத்துச் சட்டையில் சொருகிக்கொண்டார். "திரும்பிப் போற பஸ் எப்பம்மா?"

லீமா உள்ளே போய் முறத்தோடு வெங்காயத்தைக் கொண்டுவந்து பையில் கொட்டினாள். நீளப் பிடியைக் கழற்றி, குட்டையை மாட்டி, கதவோர ஆணியில் தொங்கவிட்டாள். கடற்காற்று புகுந்தது, காய்ந்த தோல்கள் கண் வழியே கீழே பறந்தன.

"சாக்குல வேர்த்து அழுகிப்போற வெங்காயம் இதுல அப்படியே நிக்கும். கீரை கழுவி வடியப் போடலாம். இத அடுப்படிக்குன்னு வைங்க. தோளுக்கு வேணுங்கறத அடி மூடிப் பின்னித் தர்றோம்."

தட்சணாமூர்த்தி கூடையைக் குலுக்கிப் பார்த்தார். ஒரு வெங்காயம்கூட விழவில்லை.

"சரி, இத்தனையும் எடுத்துக்கறேன். அடுத்த மாசம் பாதி மூடி, பாதி தொறந்து. என்னா பெரியவரே?"

"அடிய மூடினா அதுக்குப் பேரு கூடையா?"

"மாமா, ஓலை தீந்துபோச்சு."

"தெரியுது, தெரியுது."

கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு பனங்காட்டுப் பக்கம் நடந்தார். "வெங்காயத்துக்குத் தொட்டில் கட்டுறாளாம். இத ஒருத்தன் காசு குடுத்து வாங்குவானாம்." ரோட்டைத் தாண்டும்வரை அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.